பெரிய மனுசனும் கிணற்றடிக் குழந்தையும்

(தஞ்சாவூரில் மாணவர்களும் களப்பணியாளர்களும் கூடிய படிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழியை முழுக்கத் திருத்தவில்லை.)



மனித இயல்பு நல்லதா, கெட்டதா? இருபதாம் நூற்றாண்டில் கன்பூசியச் சிந்தனையைப் புதுப்பித்த சீன அறிஞர்கள் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னார்கள் என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். தலைப்பைக் கேட்டதும் ஒரு தோழர், "கூலிக்கே வழியக் காணோம், சீனாக்காரன் இயல்பப் பத்திச் சொன்னது நமக்கு எதுக்குங்க" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் மனித இயல்பைப் பற்றி நாம் பேசாமல் இருந்தாலும், நம்ம இயல்பைப் பற்றி மத்தவங்க பேசி முடிச்சு, கையெழுத்தும் போட்டு வச்சிருக்காங்க. தீர்ப்பில் இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன் டைரியில் இருக்கிறது. நான் வேலை பார்க்கிற மாதிரி இடங்களிலும் இருக்கிறது.

நான் வங்கி எழுத்தர். தமிழில் நாணயம் என்றால் காசு, நேர்மை இரண்டும்தான். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும், முதல் பொருள் உள்ளவனுக்கு இரண்டாம் பொருள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். நடவுக்குப் போகிற அம்மா ஒருத்தர் ஒன்றரைப் பவுன் சங்கிலியை எடுத்துக்கிட்டு நகைக்கடனுக்கு வந்தால், "இது யாரு நகைம்மா" என்று கேட்பார்கள். இருபது ஏக்கர்காரர் வீட்டிலிருந்து வருகிற நகைக்கு அந்தக் கேள்வி கிடையாது. கேட்கிறவர் கெட்டவரும் அல்ல, வீட்டுக்குப் போனால் தெருநாய்க்குச் சோறு வைக்கிறவர். அவருக்கே தெரியாமல் அவருக்குள் ஒரு தத்துவம் உட்கார்ந்திருக்கிறது. யாருடைய நல்ல தன்மையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், யார் அதை நிரூபிக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தத்துவம். இதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

சீனம் நமக்கு ரொம்பத் தூரம் என்று நினைக்க வேண்டாம். நாகப்பட்டினத்தில் 1867 வரை செங்கல் கோபுரம் ஒன்று நின்றது. வெள்ளைக்காரர்கள் அதைச் 'சீனக் கோபுரம்' என்றுதான் எழுதிவைத்தார்கள். ராஜராஜன் காலத்தில் சூடாமணி விகாரை எழுந்த ஊர் அது. பௌத்தமும் சீனக் கப்பலும் வந்து போன கரையில் நின்றுகொண்டுதான் பேசுகிறோம். ஆனாலும் நம்ம பக்கத்து வாசகர்களுக்குச் சீனம் என்றால் முதலில் லூ சுன். 1918இல் அவர் எழுதிய 'பைத்தியக்காரனின் நாட்குறிப்பு' கதையில், அறம் அறம் என்று பக்கம் பக்கமாக எழுதிய பழைய ஏட்டின் இடுக்கில் மனிதனைத் தின்கிற வேலை நடப்பதை ஒருத்தன் கண்டுபிடிக்கிறான். மனுதர்மத்தை எரித்தவர் வழியில் வந்த நமக்கு இது உடனே புரியும். லூ சுன் அடித்த பிறகும் கன்பூசியத்தைத் தூக்கி நிறுத்த வந்தவர்கள்தான் நவீன கன்பூசியர்கள். எனவே கொஞ்சம் சந்தேகத்தோடே அணுகலாம், தப்பில்லை.

1949க்குப் பிறகு இவர்களில் பலர் நாட்டைவிட்டு ஹாங்காங்குக்கும் தைவானுக்கும் போனவர்கள். 1958 ஜனவரியில் மோ சுங்சான், தாங் சுன்யி, ஷு ஃபுகுவான், சாங் சுன்மாய் ஆகிய நால்வரும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். சீனப் பண்பாட்டின் வேர், மனமும் இயல்பும் பற்றிய அதன் போதனையில் இருக்கிறது, சனநாயகத்துக்கான வித்தும் அதற்குள்ளேயே இருக்கிறது என்று வாதிட்டார்கள். அதற்கு அவர்கள் போய் நிற்கிற ஆள் மென்சியஸ், கி.மு. நான்காம் நூற்றாண்டுக்காரர்.

மென்சியஸ் சொன்ன கிணற்றுக் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். தவழ்கிற குழந்தை ஒன்று கிணற்றில் விழப்போகிறது. அதைத் திடீரென்று பார்க்கிற எவனுக்கும் நெஞ்சு பதறும். குழந்தையின் அப்பன் ஆத்தாளிடம் நல்ல பேர் வாங்க அல்ல, ஊர் மெச்ச அல்ல, அது வீறிடுகிற சத்தம் பிடிக்காமலும் அல்ல. சும்மாவே பதறும். அந்தப் பதற்றம்தான் முளை. முளை இருப்பதால் மரம் ஆகலாம். பராமரிக்காவிட்டால் கருகும். மனித இயல்பு நல்லது என்று அவர் சொல்வது இவ்வளவுதான், எல்லாரும் நல்லவர்கள் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் வந்த ஷுன்சி, இதெல்லாம் சரிப்படாது, இயல்பு கெட்டது, நல்லது எல்லாம் பயிற்சியால் வருவது என்றார். நவீன கன்பூசியர்களில் பெரும்பாலோர் அவரை ஓரமாக உட்காரவைத்துவிட்டார்கள்.

மோ சுங்சான் தன் ஆசிரியர் ஷியோங் ஷிலியைப் பற்றி ஒரு சம்பவம் சொல்வார். ஃபெங் யூலான் என்ற பெரிய தத்துவப் பேராசிரியர் ஷியோங்கைப் பார்க்க வந்தபோது, நல்லது எது என்று பிறவியிலேயே அறிகிற மனம் என்பது ஓர் அனுமானம் என்ற பொருளில் பேசினார். ஷியோங்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. அனுமானமா? அது உண்மையாக, கண்ணெதிரே நிற்பது அல்லவா என்றார். அருகிலிருந்த இளைஞர் மோவுக்கு இது இடி விழுந்த மாதிரி இருந்தது. வாழ்நாள் முழுக்க அவர் எழுதியதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்துக்கான உரை என்றுகூடச் சொல்லலாம். மனம், இயல்பு இரண்டையும் பற்றி அவர் எழுதிய மூன்று தொகுதி நூல் வெளிவரத் தொடங்கியது 1968இல். அதே ஆண்டில் ஷியோங் ஷிலி, கலாச்சாரப் புரட்சியின் அவமானங்களுக்கு நடுவே ஷாங்காயில் செத்துப்போனார்.

1968 என்று சொன்னதும் உங்களுக்கு வேறொன்று ஞாபகம் வந்திருக்கும்.

டிசம்பர் 25. அன்றைய கீழத்தஞ்சை, கீழவெண்மணி. அறுப்புக் கூலியில் இன்னும் கொஞ்சம் நெல் கேட்டதற்கும், செங்கொடியை இறக்க மறுத்ததற்கும், சேரி கொளுத்தப்பட்டது. ராமையாவின் குடிசைக்குள் ஓடி ஒளிந்த 44 பேர் எரிந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள், முதியவர்கள். உள்ளேயிருந்த தாய்மார், பிள்ளையாவது பிழைக்கட்டும் என்று வெளியே விட்ட குழந்தைகளைத் திரும்பவும் நெருப்புக்குள் வீசினார்கள் என்பது அந்த இரவைப் பற்றி நாம் கேட்டு வளர்ந்த சேதி.

மென்சியஸின் குழந்தையை இப்போது வெண்மணிக்குக் கொண்டுவாருங்கள். கிணற்றடி அல்ல, எரிகிற குடிசை வாசல். குழந்தை விழப்போகவில்லை, வெளியே வந்துவிட்டது. சும்மா நின்றிருந்தாலே போதும், பிழைத்திருக்கும். அந்தப் பதற்றம் எங்கே போனது? இதற்கு மென்சியஸிடம் சுலபமான பதில் ஒன்று உண்டு. அந்த மனம் இல்லாதவன் மனிதனே அல்ல. நம்ம முற்போக்கு நண்பர்கள்கூட இதைத்தான் சொல்கிறார்கள், "மிருகங்கள், மிருகங்கள்" என்று. எனக்கு இது பிடிக்கவில்லை. மிருகம் என்று சொல்லிவிட்டால் விசாரணை முடிந்துபோகிறது. செய்தவர்கள் யாராக இருந்தாலும், அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி கண்விழித்து உட்கார்ந்தவர்களாகத்தான் இருப்பார்கள். முளை இருந்தது. அது சேரி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மட்டும் முளைத்திருந்தது.

இங்கே நம்ம ஊர்க்காரன் சீனத் தத்துவத்துக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. நீர் கீழ்நோக்கி ஓடுவது மாதிரி மனித இயல்பு நன்மையை நோக்கி ஓடும் என்கிறார் மென்சியஸ். கையால் அடித்தால் நெற்றிக்கு மேலே தெறிக்கும், அணைகட்டி மடக்கினால் மலைக்கும் ஏறும், ஆனால் அது நீரின் இயல்பு அல்ல, கட்டாயம் என்கிறார். மேட்டுநிலத்து ஆள் கேட்டால் தலையாட்டுவான். டெல்டாக்காரன் அப்படித் தலையாட்ட முடியாது. தண்ணீர் கீழேதான் ஓடும், யார் இல்லையென்றது? கல்லணையில் பிரிந்து, வெண்ணாறு வெட்டாறு என்று கிளைத்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி வருகிற தண்ணீர் கடைமடைக்கு ஏன் வந்து சேரவில்லை என்று கேட்டால், அது தண்ணீரின் இயல்பு என்றா சொல்வோம்? ஷட்டர் சாவி யார்கிட்ட இருக்குன்னு கேப்போம். தலைமடைக்காரன் எத்தனை நாள் மதகை அடைச்சான்னு கேப்போம். வெண்மணி இருப்பதும் கடைமடைப் பகுதிதான்.

இரக்கத்துக்கும் மதகு உண்டு, அதற்குச் சாதி என்று பேர். நம்ம ஆசான் இதை 1936லேயே எழுதிவிட்டார். 'சாதியை அழித்தொழிக்கும் வழி' உரையில் அம்பேத்கர், இந்துக்கள் சாதியைக் கடைப்பிடிப்பது மனிதத்தன்மை அற்றவர்கள் என்பதால் அல்ல, ஆழ்ந்த மதப்பற்று உள்ளவர்கள் என்பதால்தான் என்ற கருத்தைச் சொல்கிறார். கவனியுங்கள் தோழர்களே. மனித இயல்பைப் பழிப்பதற்கு அவரைவிட அதிகக் காரணம் உள்ளவர் யார்? ஆனால் பழிக்கவில்லை. சாத்திரத்தைக் கைகாட்டுகிறார். மென்சியஸ் எருதுமலை என்று ஒரு மலையைப் பற்றிச் சொல்வார். ஒருகாலத்தில் காடாக இருந்த மலை. கோடாலி வெட்டியது, முளைத்த துளிரை ஆடுமாடு மேய்ந்தது. மொட்டைமலையைப் பார்க்கிறவன், இதன் இயல்பே மொட்டைதான் என்கிறான். அம்பேத்கரும் மலையைக் குறை சொல்லவில்லை, கோடாலியைப் பிடுங்கச் சொன்னார். மென்சியஸ் கோடாலிக்குப் பேர் சொல்லவில்லை, அம்பேத்கர் சொன்னார். என்னைப் பொறுத்தவரை இரண்டு பேருக்கும் இருக்கிற பெரிய வித்தியாசமே இதுதான்.

கன்பூசியர்களுக்குள்ளேயே ஒருவர் இதை நெருங்கியிருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டின் தாய் சென். மென்சியஸுக்கு உரை எழுதுகிற சாக்கில் அவர் சொன்னது இது. சட்டத்தால் செத்தவனுக்கு அழ யாராவது இருப்பார்கள், தர்ம நியாயத்தின் பேரால் சாகடிக்கப்பட்டவனுக்கு யார் அழுவது? மேலே இருப்பவன் கீழே இருப்பவனை நியாயம் பேசியே கொல்கிறான் என்றார். ஊர்க்கூட்டத்தில் கைகட்டி நின்ற தலைமுறைக்கு இதற்கு உரை தேவையில்லை.

இனி நீதிமன்றத்துக்கு வருவோம். 1970இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம், நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட சிலருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் எல்லாரையும் விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பில் ஒரு தர்க்கம் இருந்தது. குற்றம்சாட்டப்பட்ட 23 பேரும் மிராசுதார்களாகவே இருப்பது வியப்பளிக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் நிறைய நிலம் உள்ள பணக்காரர்கள், ஒருவரிடம் காரே இருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் வேலைக்காரர்களைக்கூட அனுப்பாமல் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்று நம்புவது கடினம். பசியால் விரக்தியுற்ற கூலிக்காரர்களைப் போல் அல்லாமல், சொத்துள்ளவர்கள் ஜாக்கிரதையாகத்தான் நடந்துகொள்வார்கள். சாரம் இவ்வளவே. நம்ம பாஷையில் சொன்னால், "பெரிய மனுசன் போய் இந்த வேலயச் செய்வானா?"

அதே நாளில் மிராசுதார் பக்கத்து ஆள் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் விவசாயத் தொழிலாளர்கள் சிறைக்குப் போனார்கள். அவர்களைப் பற்றி இப்படி யாரும் வியக்கவில்லை.

ஃபெங் யூலான் அனுமானம் என்றார், ஷியோங் ஷிலி கண்ணெதிரே நிற்பது என்றார் இல்லையா? அந்த விவாதம் இங்கே எப்படித் தீர்ந்திருக்கிறது பாருங்கள். கார் வைத்திருப்பவனுடைய நன்மை கண்ணெதிரே நிற்கிறது. கூலிக்காரனுடைய நன்மை அனுமானமாகக்கூட இல்லை.

மென்சியஸிலும் 'பெரிய மனுசன்', 'சின்ன மனுசன்' உண்டு, அச்சாக அதே வார்த்தைகள். தனக்குள் இருக்கிற பெரியதைப் பின்பற்றுகிறவன் பெரிய மனுசன், சின்னதைப் பின்பற்றுகிறவன் சின்ன மனுசன். இது ஒழுக்கம் பற்றிய பேச்சு. ஆனால் இன்னோர் இடத்தில் பெரிய மனுசர் வேலை, சின்ன மனுசர் வேலை என்றும் பிரிக்கிறார். அங்கே அது ஆள்பவன், உழைப்பவன் என்ற பிரிவு. ஒரே சொல் ஒழுக்கத்திலிருந்து அந்தஸ்துக்குச் சத்தமில்லாமல் நகர்ந்துவிடுகிறது. நாணயம் நகர்ந்த மாதிரியே. நிலையான பிழைப்பு இல்லாத மக்களுக்கு நிலையான மனம் இருக்காது என்றும் ஒரு ராசாவிடம் சொல்கிறார். நம்ம நீதிபதி சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் மென்சியஸ் அங்கே நிறுத்தவில்லை. அப்படி வழியில்லாமல் தப்புச் செய்யவிட்டுப் பிறகு தண்டிப்பது மக்களுக்கு வலை விரிப்பது என்று ராசாவைப் பார்த்தே சொன்னார், முதலில் பிழைப்புக்கு வழி செய் என்றார். தீர்ப்பில் முதல் பாதிதான் இருந்தது.

இப்போது, இயல்பு நல்லது என்ற கொள்கை நமக்குப் பயன்படுமா? இதில் நவீன கன்பூசியர்களுக்குள்ளேயே சண்டை. நால்வரில் எனக்கு நெருக்கமானவர் ஷு ஃபுகுவான். ஹூபெய் கிராமத்து ஏழை வீட்டுப் பிள்ளை, ராணுவத்தில் மேஜர் ஜெனரல் வரை போய்விட்டுப் பிறகு பேனா எடுத்தவர். பழஞ்சீனத்தின் மனித இயல்புக் கொள்கைகளின் வரலாற்றை 1963இல் எழுதினார். எல்லார் இயல்பும் நல்லது என்றால் அறத்துக்கு அரசன் குத்தகைதாரன் அல்ல, மக்களை நம்பலாம், அதனால்தான் சனநாயகம் என்பது அவர் கட்சி. எதிர்ப்பக்கம் வரலாற்றாசிரியர் சாங் ஹாவ். 1980களில் அவர் 'இருளுணர்வு' என்று ஒன்றைப் பேசினார். மேற்கத்திய அரசியல் சட்டங்கள் மனிதனை நம்பியதால் வரவில்லை, நம்பாததால் வந்தன. எவ்வளவு நல்லவன் கையிலும் முழு அதிகாரம் தராதே என்ற பயத்தில் பிறந்தன. கன்பூசியம் இருளை அறிந்திருந்தும், கடைசியில் ஒரு நல்ல ராசா வருவான் என்று காத்திருந்துவிட்டது.

நான் சாங் ஹாவ் பக்கம்தான். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அரசியல் சட்ட ஒழுக்கம் பற்றி அம்பேத்கர் பேசியதும் இந்தப் பக்கம்தான். அந்த ஒழுக்கம் நம்ம மண்ணில் இயற்கையாக இல்லை, வளர்த்தெடுக்க வேண்டும் என்பது அவர் கணிப்பு. 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் யாருடைய நெஞ்சும் பதறும் என்று காத்திருக்கவில்லை. அதன் 18ஆம் பிரிவு முன்ஜாமீனைத் தடுக்கிறது. 2016இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ நேரில் அறிந்தவனுக்கு அவர்களுடைய சாதியும் தெரியும் என்றே அனுமானிக்கச் சொல்கிறது. அனுமானம் நம்ம பக்கம் ஒரு அடி நகர்ந்தது. 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம், பொய்ப்புகாரிலிருந்து அப்பாவிகளைக் காக்க என்று சொல்லி, கைதுக்கு முன் அனுமதி, முன்விசாரணை என்று நிபந்தனை போட்டது. ஏப்ரல் 2ஆம் தேதி நாடு முழுக்கத் தலித்துகள் தெருவுக்கு வந்தார்கள், உயிர் போனது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தை மீட்டது, 2020இல் அது செல்லும் என்று உச்சநீதிமன்றமே சொன்னது. மனித இயல்பு பற்றிய விவாதம் நம்ம நாட்டில் இப்படித்தான் நடக்கிறது, தடியடிக்கு நடுவில்.

பக்கத்து மாவட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் சேரிக் குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகுதான் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரிந்தது. இரண்டு வருடம் கழித்து, 2025 ஜனவரியில், சி.பி.சி.ஐ.டி. போலீஸ் மூன்று பேர்மேல் குற்றப்பத்திரிகை போட்டது. மூன்று பேரும் அதே சேரி இளைஞர்கள். ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை. வழக்கைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. சந்தேகம் எந்தத் திசையில் பள்ளம் கண்டு ஓடுகிறது என்பதை மட்டும் பார்க்கச் சொல்கிறேன்.

அப்படியானால் மென்சியஸைத் தூக்கிப் போட்டுவிடலாமா? போடக்கூடாது. ஒரு காரணம் போதும். யாரும் யாவ், ஷுன் போன்ற மகான் ஆகலாம் என்று ஒப்புக்கொண்டவர் அவர். அந்த மகான்களும் நானும் ஒரே வகை என்கிறார். நம்ம நாட்டுக் கீதை, நான்கு வருணத்தின் கடமைகளும் அவரவர் இயல்பில் பிறந்த குணத்தின்படி பிரிந்தவை என்கிறது. சூத்திரனுக்கு ஊழியமே இயல்பு. நமக்கு அதிலும் இடமில்லை. இந்த 'இயல்பு' என்ற சொல் நம்மமேல் எத்தனை நூற்றாண்டு சவுக்காக விழுந்திருக்கிறது! கீழத்தஞ்சையில் சவுக்கடியும் சாணிப்பாலும் கொடுத்தவனும், இவனுங்க இயல்பே அப்படி, அடிச்சாத்தான் வேல நடக்கும் என்றுதான் சொன்னான். அந்தச் சொல்லை ஒருவன் திருப்பிப் போட்டு, பிறப்பால் எவனுக்கும் வேறு இயல்பு கிடையாது என்கிறபோது அதை நாம் எடுத்துக்கொள்வோம். சட்டம் எழுதும்போது சாங் ஹாவ், சாதிக்காரனிடம் வாதிடும்போது மென்சியஸ். இரண்டையும் ஒரே பையில் வைத்துக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

எடுத்துக்கொள்ள முடியாத இடம் ஒன்று உண்டு. தெங் என்ற சின்ன நாட்டுக்கு ஷு சிங் என்று ஒருவர் தன் ஆட்களோடு வந்து சேர்ந்தார். முரட்டுத்துணி உடுத்தி, செருப்புத் தைத்து, பாய் முடைந்து பிழைத்த கூட்டம். அரசனும் குடிமக்களோடு சேர்ந்து உழுது சாப்பிட வேண்டும், தன் சோற்றைத் தானே பொங்க வேண்டும். இவன் களஞ்சியம் நிரம்பியிருக்கிறது என்றால் மக்களை வாட்டி வயிறு வளர்க்கிறான் என்று அர்த்தம் என்றார் ஷு சிங். மென்சியஸ் மடக்குகிறார். உன் ஆசான் உடுத்துகிற துணியை அவரே நெய்கிறாரா, பானையை அவரே வனைகிறாரா? இல்லை, தானியம் கொடுத்து வாங்குகிறார். அப்புறம் ஆள்கிற வேலையை மட்டும் உழுதுகொண்டே செய்ய முடியுமா? மனதால் உழைப்பவன் ஆள்வான், உடம்பால் உழைப்பவன் ஆளப்பட்டுச் சோறு போடுவான் என்று முடிக்கிறார். இதை வெறும் வேலைப் பிரிவினை என்று சொல்லி மென்சியஸுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் உண்டு. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு சாதிக்கு வக்காலத்து வாங்கியவர்களுக்கு அம்பேத்கர் என்ன பதில் சொன்னார் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஷு சிங் சொன்னதாக அவர் கையால் எதுவும் மிஞ்சவில்லை. அவர் பாய் முடைந்தார் என்பதைக்கூட எதிராளியின் புத்தகத்திலிருந்துதான் தெரிந்துகொள்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு அந்த விவாதப் பகுதியை மட்டும் தமிழில் எழுதிக்கொண்டு வருகிறேன். எல்லாரும் படிச்சிட்டு, ஷு சிங் பக்கம் யாராவது உக்காந்து பேசுங்க.